வாவித் தண்ணீர் ஊற்றிய உழவு மெசின்

பிள்ளைகளே, காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வந்து இஞ்சின் திருத்தித் தந்த பிற்றர் காக்காவை, அந்த முஸ்லிம் பெரியவரை, உங்களில் மூத்தவனுக்கு ஞாபகம் இருக்கலாம். அவருக்கு இஞ்சின் வேலை சரியாகத் தெரியாது என்று ஊரில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையைக் கட்டியவன் நான்தான். அது பொய்.

உலக யுத்தம் முடிந்த பிறகு, ஒரு தென்னந்தோட்டத்துக் கொட்டிலில் கிடந்த சின்ன உழவு மெசின் ஒன்றை வாங்கினேன். பட்டாளத்துக்காரர் மரக்கறித் தோட்டம் செய்து, கைவிட்டுப் போனது. எலி குடியிருந்த இஞ்சின். இஞ்சின் சூட்டைத் தணிக்கிற தண்ணீர்த் தொட்டியில் ஏழெட்டு ஓட்டை. ஊரில் எல்லாரும் மாட்டில் உழுதுகொண்டிருக்க, எனக்கு மட்டும் மெசின் ஆசை.

காக்கா மூன்று கிழமை வந்து திருத்தினார். நான் தேங்காய்ப் பொச்சும் மணலும் வைத்துத் துருத் தேய்க்க, அவர் ஓட்டைகளை ஈயம் உருக்கி அடைத்தார். தேய்ந்த பிஸ்டன் வளையங்களைக் கழற்றி, வேறொரு பழைய இஞ்சினின் வளையங்களை அரம் போட்டு அளவாக்கிப் பூட்டினார். அவருக்கும் இதில் ஒரு காரியம் இருந்தது. நெல்லுக் குத்தும் மில்லில் பெரிய இஞ்சின் ஒன்று பழுதாகிக் கிடந்தது. “இது ஓடுறதப் பாத்துத்தான் மில் முதலாளி அந்த வேலய எனக்குத் தருவாராம், தம்பி. தந்தா வருசம் முழுக்க அங்கயே வேல இரிக்கி. இந்தச் சைக்கிள் மிதிக்கிற பாடு தீரும்” என்றார்.

கார்த்திகையில் ஒரு வெயில் நாளில் அது ஓடியது. போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: “கிணத்துத் தண்ணிதான் ஊத்தணும். ஆத்துத் தண்ணி ஊத்திராதீங்க.”

தலையாட்டினேன். ஆறு என்று அவர் சொன்னது எங்கள் வாவியைத்தான். ஆனால் கிணறு வளவின் மறுகோடித் தொங்கலில். வாவி வேலிக்கு அப்பால் நாலு எட்டில். மாரி வெள்ளம் வந்து வாவி நல்ல தண்ணீராகக் கிடந்தது. வாயில் விட்டுப் பார்த்தேன், உப்பில்லை. ஒரு வாளி அள்ளி ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

மழை கூடி வயலெல்லாம் மூழ்கியதும், வழமைபோல ஊரார் திரண்டு முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டப் போனார்கள். நானும் மண்வெட்டியோடு போனேன். வெள்ளம் பிய்த்துக்கொண்டு கடலுக்கு ஓடியதைப் பார்த்துக் கூவினேன். வெள்ளம் வடிந்தால் அதே வாயால் கடல் உள்ளே ஏறும், வாவி உப்பாகும். இது இங்கே பிறந்த எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் தை மாதம் கச்சான் கடலைக்கு நிலம் உழுதபோதும் வாவியில் அள்ளினேன். வாயில் விட்டுப் பார்க்கவில்லை. பார்த்தால் கிணற்றுக்கு நடக்க வேண்டுமே.

மாசியில் ஒரு காலை, பக்கத்துக் காணிக்காரர் நாலைந்து பேர் வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்க, தொட்டி கொதித்து ஆவி கிளம்பியது. ‘டங்’ என்று ஒரு சத்தம். இஞ்சின் வெடித்து எண்ணெய் கசிந்தது.

“என்ன மச்சான், உன்ட இரும்புக் கடா மூத்திரம் பெய்யுது?” என்றான் ஒருவன்.

“வைக்கல் போட்டுப் பாரு, எழும்பும்” என்றான் மற்றவன்.

எல்லாரும் சிரித்தார்கள். முகம் எரிந்தது எனக்கு. “காக்கா பூட்டின பூட்டு சரியில்ல. அவருக்கு வேல தெரியா” என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன். பின்னேரத்துக்குள் அது மில்லுக்குப் போய்விட்டது.

மூன்றாம் நாள் காக்கா வந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு, தொட்டியின் மூடியைத் திறந்து விரலை விட்டார். வெள்ளையாகப் படிந்திருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

“கறிக்குப் போடலாம்” என்றார். பிறகு, “தம்பி, மில் முதலாளிக்கிட்டப் போய் நடந்தத ஒருக்காச் செல்லிருங்க. அவர் இன்னும் வேற ஆளப் பிடிக்கல்ல. இந்தக் கிழமைக்குள்ள செல்லுங்க” என்றார். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை.

“நாளைக்கே போறன் காக்கா” என்றேன்.

போனேன், அதுவரைக்கும் உண்மை. மில் முதலாளி கதிரை போட்டு, தேத்தண்ணி வரவழைத்து, “நல்ல காலம் உங்கட மெசின் முந்தி வெடிச்சது. இல்லாட்டி என்ட இஞ்சினயும் அந்த மனிசனிட்டக் குடுத்திருப்பன்” என்றார். சுற்றி ஆட்கள் நின்றார்கள். சொல்ல வாய் எடுத்தேன். நான் படித்தவன், மெசின் வைத்திருந்தவன் என்று எனக்குக் கதிரை தந்திருக்கிறார். வாவித் தண்ணீர் ஊற்றிய மடையன் என்று அதில் இருந்துகொண்டு எப்படிச் சொல்வது? “ஓம்” என்றேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அந்தக் கிழமை முடிய, மில் வேலை வேறொருவருக்குப் போனது. காக்கா இன்றைக்கும் சைக்கிளில்தான் ஊர் ஊராகப் போகிறார்.

கச்சான் பிடுங்கிய பிறகு சந்தையில் அவரைக் கண்டேன். ஒளிக்க இடமில்லை. “கச்சான் நல்லா விழுந்திச்சா தம்பி?” என்று அவர்தான் முதலில் கேட்டார். “பரவாயில்ல காக்கா” என்று சொல்லி, கையிலிருந்த கச்சான் பையை அப்படியே நீட்டினேன். அவர் அதை என் முகத்தில் எறிந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். “பிள்ளையள் அவிச்சுத் தின்னும்” என்று வாங்கி, சைக்கிள் கொம்பில் மாட்டிக்கொண்டு போனார்.