துணைவேந்தருக்குக் கொண்டுபோன ஐந்து மாலைகள்

மூன்றாவது படத்தில் இருந்தவரின் மூக்குக்கண்ணாடியில் ஒரு கால் கறுப்பு நூலால் சுற்றப்பட்டிருந்தது. பெரிய பதவியில் இருந்தவர், படம் எடுக்கும் நாளிலும் அந்தக் கண்ணாடியைத்தான் போட்டிருக்கிறார். பூக்கட்டுகிறவள் என்பதால் எனக்கு முதலில் நூல்தான் கண்ணில் படும்.

சென்ற மாதம், வவுனியாப் பக்கம் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் புதிய துணைவேந்தர் பொறுப்பேற்றார். அதற்கு ஐந்து மாலை வேண்டும் என்று கிளிநொச்சியில் எங்கள் பூக்கடைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒன்பதாம் தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், பல்கலைக்கழகம் ஒன்றை உள்ளே போய்ப் பார்த்தது அன்றுதான்.

சித்தியும் நானும் காலை ஐந்தேகாலுக்கு பஸ் ஏறினோம். ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர். பூக்கூடையை மேலே போடச் சொன்னார் கொண்டக்டர்.

"மேல போட்டா வாடிப்போம் தம்பி, மடியில வைக்கிறன்," என்றார் சித்தி.

"அப்ப கூடைக்கும் ரிக்கெற் எடுங்கோ அக்கா."

"எடுக்கிறன். அதுக்கும் ஒரு சீற் தாங்கோ."

ஓமந்தை தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது. நீங்கள் போவதானால் வலப்பக்க ஜன்னலோரம் இருங்கள், காலை வெயில் படாது. ஒருவருக்கு முந்நூறு ரூபாய்க்குள் முடியும். நகரத்தில் இறங்கி ஓட்டோ பிடித்தால் இருபது நிமிடம். ஏறுமுன் விலை பேசிவிடுங்கள். பூக்கொண்டு போனால், ஈரத் துணிக்கு மேல் வாழையிலை போட்டு மூடுங்கள்.

அங்கே எங்களைக் கூட்டிப்போனவர் ரமணி அக்கா, அலுவலகத்தில் வேலை செய்கிறவர். துணைவேந்தரின் அறைக்குப் போகும் நடைக்கூடத்தில், முன்பு தலைமை வகித்த மூன்று பேரின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. சித்தி ஒரு கதிரையில் ஏறி முதல் படத்துக்கு மாலை போட்டபடி அவர்களைப் பற்றிக் கேட்டார்.

"முதல் ரெண்டு பேரும் முதல்வர்மார், இப்ப உயிரோட இல்லை," என்றார் ரமணி அக்கா. "அப்ப இது வேற பல்கலைக்கழகத்தின்ர வளாகம். ஒரு கதிரை வாங்கிறதெண்டாலும் அங்க கேக்கவேணும். பிறகுதான் தனிப் பல்கலைக்கழகம் ஆச்சு. மூண்டாவது ஐயாதான் முதல் துணைவேந்தர்."

"அப்ப வேந்தர் எங்க?"

"அவர் பட்டமளிப்புக்கு வந்து பட்டம் குடுப்பார். மற்ற நாள் முழுக்க சம்பளம், தண்ணி, பெடியளின்ர சண்டை எல்லாம் துணைவேந்தரின்ர தலையில. பேரவை மூண்டு பேரைத் தெரிஞ்சு அனுப்பும், ஜனாதிபதி ஒராளை நியமிப்பார். மூண்டு வருசம். இப்ப முதல் தரமா ஒரு அம்மா வாறா."

பால் பொங்கப் போகிறது என்று யாரோ கூப்பிட, ரமணி அக்கா ஓடினார். சித்தி மற்ற இரண்டு படங்களுக்கும் மாலை போட்டு முடித்தார். மூன்று படம், மூன்று மாலை. மிச்சம் பிள்ளையாருக்கு ஒன்று, புதியவருக்கு ஒன்று. கணக்குச் சரியாக வந்ததால் யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

"மூண்டு பேருக்கும் என்ன சாந்தமான முகம்," என்று சொல்லிவிட்டு, வளாகத்துப் பிள்ளையாருக்கு உரிய மாலையோடு சித்தி போனார். நான் கூடையோடு வாசலில் நின்றேன்.

ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் வாசல் கதிரையில் அமர்ந்து தேநீர் வாங்கினார். "பூ கிளிநொச்சியில இருந்தோ, பிள்ளை?" என்று என்னைக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவருடைய கண்ணாடியின் ஒரு காலில் கறுப்பு நூல் சுற்றியிருந்தது.

மூன்றாவது படத்தில் இருந்தவர் இவர்தான். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் உயிரோடு இருப்பவரின் படத்துக்கு மாலை போடமாட்டார்கள். நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சும் நாளில், தன் படத்தை அப்படிப் பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும்? சித்தி பக்கத்தில் இல்லை. தெரியாதவர்களோடு எனக்கு வாய் வராது. அதற்குள் புதிய துணைவேந்தரும் வந்து, இருவரும் கதைத்தபடி எழும்பினார்கள். அவர்கள் அந்த நடைக்கூடத்தால்தான் வரவேண்டும்.

நான் ஓடினேன். கதிரையை மூன்றாவது படத்தடிக்கு இழுத்து ஏறினேன். மாலை ஆணியில் சிக்கியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு திரும்பியபோது இருவரும் எனக்குக் கீழே நின்றார்கள்.

"அது எனக்குக் கட்டினதோ, பிள்ளை?" என்று அவர் கேட்டார்.

"ஓம் ஐயா," என்றேன். அன்று அங்கே நான் வாய் திறந்தது அப்போதுதான்.

அவர் தன் படத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். "நல்ல வேளை. இந்த அம்மா இப்பத்தான் என்ர கதிரையை எடுத்தவா. நீர் என்னை ஒரேயடியா அனுப்பப் பாத்தீர்."

புதிய துணைவேந்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "தாங்கோ, நான் போட்டுவிடுறன்."

நூலில் சிக்கியிருந்த ஒரு செவ்வந்தியைச் சரிசெய்து, மாலையை அவர் கையில் கொடுத்தேன்.