வாழைப்பழ வாஃபிளும் புளித்துப்போன மாவும்

என் மனைவி கோபித்துக்கொண்டு போனாளா, சும்மா போனாளா என்பது அவள் போய் ஆறு நாள் வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. அந்த ஆறு நாளும் நான் கடலூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் வாழைப்பழ வாஃபிள் செய்து பழகிக்கொண்டிருந்தேன்.

நான் பத்திரம் எழுதுகிறவன். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு சின்ன அறையில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்தே இருந்ததால் வந்ததோ, தினம் ஐந்து காபி குடித்ததால் வந்ததோ, கோடை தொடங்கின சமயம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லையைத் தொட்டிருந்தது. "இன்னும் உள்ள வரல, வாசல்ல நிக்குது" என்றார் டாக்டர். மாத்திரை எழுதவில்லை. என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று சொல்ல அடுத்த அறையில் ஒரு அம்மா இருக்கிறார், பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்.

அந்த அம்மாவுக்கு முப்பது வயசு இருக்கலாம். என்னையும் என் மனைவியையும் எதிரே உட்கார வைத்து, காலையில் என்ன, மதியம் என்ன, ராத்திரி என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். நான்தான் பதில் சொன்னேன். என் மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் பழம் என்று போட்டு எதிரே 'அளவோடு' என்று இருந்தது. எந்த அளவு என்று கேட்கத் தோன்றவில்லை. வெளியே வந்த பிறகுதான் தோன்றியது.

கேட்காமல் வந்ததற்கு நன்றாக அனுபவித்தேன். காலையில் பீச்சில் கூட நடக்கிற ஒருவர், "பழத்தத் தொடாதீங்க, எல்லாம் சர்க்கரை" என்றார். அவருக்குப் பக்கத்தில் நடந்தவர், "பழம்தான் சாப்பிடணும், சோறுதான் ஆகாது" என்றார். இரண்டு பேருக்கும் சர்க்கரை இருக்கிறது. காடாம்புலியூரிலிருந்து பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத வந்த ஒருவர் என் மேஜையில் ஒரு பை நிறையப் பலாச்சுளை வைத்தார். நான் விஷயத்தைச் சொன்னதும், "பலா சர்க்கரைய கொறைக்கும் சார்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் காயச் சொன்னேன், பழத்த இல்ல" என்றார். இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பழமும் ஒண்ணும் பண்ணாது" என்றார். அவர் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை. நான் இரண்டு சுளை தின்றேன். பிறகு இன்னும் இரண்டு.

எனக்கு இனிப்பு இல்லாமல் காலை டிபன் இறங்காது. கடைசி இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்கிற பழக்கம் சின்ன வயசிலிருந்தே உண்டு. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகளுக்கு இது தெரியும். விஷயத்தைக் கேள்விப்பட்டதும் அவள் ஒரு வாஃபிள் மெஷினை ஆன்லைனில் வாங்கி வீட்டுக்கு அனுப்பினாள். வாஃபிள் என்றால் என்னவென்று தெரியாதவர்கள், கட்டம் கட்டமாகப் பள்ளம் விழுந்த ஒரு தடிமனான தோசை என்று வைத்துக்கொள்ளலாம். புத்தகம் மாதிரித் திறந்து மாவை ஊற்றி மூடினால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேகும்.

"கடையில மைதாவும் சர்க்கரையும் கொட்டிப் பண்ணுவாங்கப்பா. நீ அப்படிப் பண்ணாத" என்று போனில் சொன்னாள். "ஓட்ஸைப் பொடி பண்ணிக்கோ. நல்லாப் பழுத்த வாழைப்பழம் ரெண்டு, ஒரு முட்டை, கொஞ்சம் பால், துளி சோடா மாவு. இனிப்புக்குப் பழமே போதும்."

நான் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இது எதுக்கு?"

"இனிமே ஹெல்தியா சாப்புடலாம்னு."

"ஓ" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சிதம்பரத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். எப்போது வருவாய் என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாள். போவதற்கு முந்தின நாளே இட்லி மாவு அரைத்து இரண்டு பாத்திரத்தில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் காரணம் சொல்லாமல் அவள் எங்கேயும் போனதில்லை. தம்பி வீட்டில் ஏதாவது விசேஷமாக இருக்கும் என்று நானே ஒரு காரணத்தை நினைத்துக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலையில் முதல் வாஃபிள். மெஷினில் சிவப்பு விளக்கு ஒன்று, பச்சை விளக்கு ஒன்று. பச்சை எரிந்தால் சூடாகிவிட்டது என்று அர்த்தமா, வெந்துவிட்டது என்று அர்த்தமா என்று விளங்கவில்லை. கூட வந்த சின்னப் புத்தகத்தில் எட்டு மொழி இருந்தது, தமிழ் இல்லை. முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றிதழை ஒரே மூச்சில் படித்துச் சொல்கிற எனக்கு அந்த நாலு பக்கம் பிடிபடவில்லை. பச்சை எரிந்ததும் திறந்தேன். வாஃபிள் இரண்டாகக் கிழிந்து பாதி மேலேயும் பாதி கீழேயும் ஒட்டிக்கொண்டது. ஸ்பூனால் சுரண்டித் தின்றேன்.

செவ்வாய்க்கிழமை, என் மனைவி தோசைக்கல்லில் வெங்காயத்தைப் பாதியாக வெட்டித் தேய்ப்பாளே என்று ஞாபகம் வந்து நானும் தேய்த்தேன். வாஃபிள் ஒட்டாமல் வந்தது. வாழைப்பழமும் வெங்காயமும் சேர்ந்த அந்த வாசனை மதியம் வரை விரலை விட்டுப் போகவில்லை.

அவளுக்குப் போன் செய்தேன். "சோடா மாவு எந்த டப்பால இருக்கு?"

"மூணாவது தட்டு, இடது பக்கம்."

"அங்க என்ன பண்ற?"

"சும்மாதான் இருக்கேன்." பிறகு அவளே கேட்டாள். "மாவு எடுத்து இட்லி ஊத்துனீங்களா?"

"இல்ல. வாஃபிள்தான் சாப்புட்டேன்."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

புதன்கிழமை எந்த வாழைப்பழம் வாங்குவது என்று குழப்பம். மகள் சொன்னது வெறும் வாழைப்பழம். கடையில் பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, பச்சைப்பழம் என்று தார் தாராகத் தொங்கியது. கடைக்கார அம்மா, "சாமிக்கா, சாப்புடவா?" என்று கேட்டார். "மாவுல போட்டுப் பிசைய" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கற்பூரவல்லியை எடுத்துக் கொடுத்தார். மாவு களி மாதிரி இறுகிவிட்டது. பால் ஊற்றினேன், நீர்த்துவிட்டது. ஓட்ஸ் போட்டேன், மறுபடி இறுகியது. ஒரு ஆளுக்கு ஆரம்பித்த மாவு நாலு பேருக்கு ஆகும்போலப் பெருகி, மெஷினின் ஓரத்தில் வழிந்து மேடையெல்லாம் ஒழுகியது. ஆனால் அன்றைக்கு வந்த கடைசி வாஃபிள் நன்றாக இருந்தது. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று, சர்க்கரையே போடாமல் இனிப்பாக. தட்டைத் தூக்கிக்கொண்டு யாரிடமாவது காட்ட வேண்டும் என்று கூடம் வரை வந்தேன். யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை அவளே போன் செய்தாள்.

"மாவு என்னாச்சு?"

"புளிச்சிப் பொங்கிட்டுது. கொட்டிட்டேன்."

"ரெண்டு பாத்திரமுமா?"

"ஆமா."

"சரி" என்றாள். இந்தத் தடவை அவள் வைக்கவில்லை. அந்தப் பக்கம் டிவி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "ஹலோ, ஹலோ" என்றேன். பிறகு துண்டித்துவிட்டாள்.

அன்று சாயந்திரம் அவள் தம்பி கூப்பிட்டான். "மாமா, ஒண்ணுமில்ல. அக்கா நல்லாத்தான் இருக்கு. சாப்புடுது, டிவி பாக்குது. சிரிக்கத்தான் மாட்டேங்குது. ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்."

"என்ன மச்சான், எதாவது சொன்னுச்சா?"

"என்கிட்ட என்னா மாமா சொல்லப் போவுது?"

சனிக்கிழமை காலையில் ஆறு வாஃபிள் சுட்டு, ஒரு பப்பாளித் துண்டைப் பொடியாக நறுக்கி மேலே போட்டு, டிபன் பாக்ஸில் அடைத்துச் சிதம்பரம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் யோசித்தேன். மெஷின் வந்ததில் கோபமா? மகளிடம் அவள் வேறு ஏதாவது கேட்டு, மகள் வாங்கித் தரவில்லையா? அவள் சமையலறைக்குள் நான் நுழைந்தது பிடிக்கவில்லையா? ஆலப்பாக்கம் வருவதற்குள் மூன்று காரணம் கிடைத்துவிட்டது. புதுச்சத்திரம் தாண்டும்போது மூன்றும் இல்லை என்று தோன்றியது.

போய்ச் சேர்ந்தபோது என் மனைவி கூடத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வாங்க" என்றாள். அவ்வளவுதான். மச்சானின் மனைவிதான் தண்ணீர் கொடுத்து, டிபன் பாக்ஸை வாங்கித் திறந்தாள். வெயிலிலும் பப்பாளிச் சாற்றிலும் வாஃபிள் எல்லாம் ஊறி, துணி மாதிரித் துவண்டிருந்தது.

"நானே பண்ணது. சர்க்கரையே இல்ல" என்றேன்.

என் மனைவி ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். "சோடா ஜாஸ்தி. உப்பு போடல" என்றாள். மச்சான் இரண்டு தின்றுவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிக் கடைக்குக் கிளம்பினான்.

நான் கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோது மச்சானின் மனைவி துண்டைக் கொடுத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். "ஏண்ணே, ஆஸ்பத்திரில அந்த அம்மாகிட்ட என்னா சொன்னீங்க?"

"எந்த அம்மா?"

"சாப்பாட்டப் பத்திக் கேட்டாங்களாமே."

"காலைல இட்லி, மதியம் சோறுன்னு சொன்னேன். வேற என்ன?"

"அண்ணியவே கேளுங்க" என்று போய்விட்டாள்.

சாயந்திரம் வெயில் தாழ்ந்ததும், கோயில் வரைக்கும் நடந்துவிட்டு வரலாமா என்று என் மனைவியைக் கூப்பிட்டேன். வந்தாள். கோயிலுக்குள் போகவில்லை. வடக்கு வீதியில் நடந்தோம். பூக்கடை தாண்டியதும் நேராகவே கேட்டேன், அந்த அம்மாவிடம் நான் என்ன சொன்னேன் என்று.

"மறந்துட்டீங்களா?" என்றாள். "வெளில எதாவது சாப்புடுவீங்களான்னு அவுங்க கேட்டாங்க. நீங்க சொன்னீங்க, வெளில பச்சத் தண்ணி குடிக்க மாட்டேங்க, இருபத்தஞ்சு வருஷமா எல்லாம் இவ கை சமையல்தாம்மான்னு. அவுங்க அதக் கேட்டுட்டு என்னப் பாத்தாங்க. அப்புறம் வீட்டுச் சாப்பாடுன்னு எழுதி அடில ரெண்டு கோடு போட்டாங்க. நான் பாத்தேன்."

"அதுல என்ன?"

"என்னவா? உங்களுக்குச் சர்க்கரைய நான்தான் ஆக்கிப் போட்டேன்னு ஆச்சில்ல? அப்புறம் பொண்ணு மெஷின் அனுப்புறா, நீங்க இனிமே ஹெல்தியா சாப்புடலாம்ங்கறீங்க. அப்ப இத்தினி நாளு நான் போட்டது?"

"ஐயோ, நான் பெருமையாத்தான சொன்னேன்!" என்றேன்.

சொல்லும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த அறையை நினைத்துப் பார்த்தேன். அந்த அம்மாவின் பேனா, சுவரில் காய்கறிப் படம், என் முன்னால் இருந்த ரத்தப் பரிசோதனைத் தாள். அந்த நிமிஷம் நான் பயந்துபோயிருந்தேன் என்பது ஞாபகம் இருக்கிறது. தப்பு என் மேல் இல்லை என்று யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு இருந்ததா? இருந்திருக்கலாம். அப்படியென்றால் பெருமையாகச் சொன்னேன் என்பது பொய். அதுவும் முழுக்கப் பொய் இல்லை. எந்தக் குரலில் சொன்னேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

"பெருமையா சொன்னேனா, பயந்து சொன்னேனா, தெரியலடி" என்று அவளிடம் உள்ளதைச் சொன்னேன். "ஆனா ஆபீஸ்ல அஞ்சு காபி குடிச்சத அவுங்ககிட்ட நான் சொல்லல. அது எனக்கு நல்லாத் தெரியும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அஞ்சா?"

"சில நாள் ஆறு."

"சர்க்கரை போட்டா?"

"போட்டுத்தான்."

அவள் முகத்தில் முதலில் கோபம் வந்தது. அது நல்ல கோபம், எனக்குப் பழக்கமானது. வீதியென்றும் பார்க்காமல் தெரு முனை வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். மாவைக் கொட்டினதுக்கும் சேர்த்துத் திட்டினாள். அரைக்கும்போது கை வலித்ததாம். நான் ஒருவேளையாவது தின்பேன் என்று நினைத்துத்தான் அரைத்தாளாம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

மறுநாள் காலையில் என்னோடு கிளம்பி வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் மேடையில் காய்ந்துபோயிருந்த ஓட்ஸ் மாவைப் பார்த்து இரண்டு நிமிஷம் நின்றாள். அப்புறம் மெஷினைத் தன் பக்கம் இழுத்து, "இது எப்படின்னு காட்டுங்க" என்றாள். நான் காட்டினேன். பச்சை விளக்குக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். ஒரு வாரம் பழகியும் தெரியவில்லை என்றேன். விளக்கைப் பார்க்காமல் ஆவி அடங்குகிறதா என்று பார்த்து அவள் திறந்தாள். கிழியாமல் வந்தது.

இப்போது கேழ்வரகு மாவு பாதி, ஓட்ஸ் பாதி. பூவன் பழம் ஒன்றே ஒன்று. பப்பாளியோ கொய்யாவோ தனியாகத் தட்டில், கடைசி நிமிஷத்தில். வாரத்தில் இரண்டு நாள் இது, மற்ற நாள் இட்லி. எந்த நாள் எது என்பதில் எங்களுக்குள் இன்னும் தகராறு உண்டு.

மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. ஓட்ஸ்தான் காரணம் என்றாள் மகள். நடைதான் என்றார்கள் பீச் நண்பர்கள். காபியை இரண்டாகக் குறைத்ததுதான் என்று நான் நினைத்தேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் மனைவியிடம் தாளைக் காட்டினேன்.

"நான் ஒரு வாரம் வீட்டுல இல்லல்ல, அதான் எறங்கியிருக்கும்" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். குனிந்திருந்தாள். சிரிப்பை அடக்குகிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"என்ன சொல்ற?"

"ஒண்ணுமில்ல. இந்தாங்க, சட்னிக்கு உப்பு பாருங்க."

கரண்டியில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு ஒரு கல் குறைவாக இருந்தது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.