புகையை மோந்து பார்த்தவர்

பழைய பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த மெக்கானிக்கை விட்டால் வேறு ஆள் கிடையாது. எல்லோரும் அவரை 'மூக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடும் காரின் சைலன்சருக்குப் பின்னால் குனிந்து ஒரு இழுப்பு இழுப்பார். "பெட்ரோல் அதிகமாக் குடிக்குது" என்பார். பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் ஸ்குரூவுக்கான சின்னச் சாவியை இன்ஜின் துளைக்குள் விட்டு மயிரிழை அளவு திருகுவார். முடிந்தது வேலை! புகை அளக்கிற மிஷின் வாங்கச் சொன்னவர்களிடம், "அதைத்தான் மூஞ்சியில ஒட்டிக்கிட்டுத் திரியறேனே" என்று வாயடைத்துவிடுவார். மனிதருக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் கூடத்தான்.

ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. பெட்ரோலும் தெரியவில்லை, சோப்பும் தெரியவில்லை. டாக்டர், "திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்று கையை விரித்துவிட்டார். மூக்கு ஆடிப்போனார். விஷயம் வெளியே தெரிந்தால் எவன் வண்டியைக் கொண்டுவருவான்? மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. பழையபடி குனிந்தார், இழுத்தார், தலையாட்டினார். இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே சில மாதம் ஒப்பேற்றினார்.

அன்று வந்தது மச்சினனின் வாடகைக் கார். மறுநாள் புகைச் சோதனை. தேறாவிட்டால் வண்டியை ரோட்டில் இறக்க முடியாது.

மூக்கு முதலில் ஆயில் பார்த்தார். ஆயில் அளவு பார்க்கும் குச்சியைத் துடைத்து பேட்டரி மேல் வைத்தவர், திரும்பச் செருக மறந்தார். வேறு வண்டியென்றால் குடி முழுகிப்போகாது. இந்த ரகத்தில், உள்ளே போகும் காற்றை ஒரு தகடு அளக்கும், அந்த அளவுக்குத்தான் பெட்ரோல் போகும். குச்சித் துளை வழியே நுழைகிற திருட்டுக் காற்று கணக்கில் வராது. வண்டியைக் கிளப்பியதும் பெட்ரோல் போதாமல் இன்ஜின் நடுங்கியது. அவர் ஸ்குரூவைத் திருகிப் பெட்ரோலைக் கூட்டினார். நடுக்கம் நின்றது. அவர் சைலன்சர் பக்கம் போன நேரம் பார்த்து, வெளியே கிடந்த குச்சியை மச்சினன் எடுத்துச் செருகிவிட்டான். திருட்டுக் காற்று நின்றது. கூட்டிய பெட்ரோல் அப்படியே இருந்து இப்போது அளவுக்கு மீறியது; இன்ஜின் நடுங்காததால் காதுக்குத் தெரியவில்லை.

மூக்கு குனிந்து ஒரு இழுப்பு இழுத்து, "சுத்தம்!" என்றார்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள். "கண்ணெல்லாம் எரியுது. இதையா சுத்தம்ங்கறீங்க?"

"அக்கா, மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் மச்சினன்.

அவள் புருஷனின் முகத்தையே பார்த்தாள். "ஏங்க, நிஜமாவே உங்களுக்குத் தெரியலையா?"

மழுப்ப நினைத்தார். முடியவில்லை. "காய்ச்சல்லேருந்தே எதுவும் தெரியல."

"அப்ப தினமும் சாப்பாடு மணக்குதுன்னு சொன்னது?"

"சும்மா சொன்னேன்."

சாப்பாட்டுப் பாத்திரத்தை ணங்கென்று மேஜையில் வைத்தாள். "சாப்பாடு கிடக்கட்டும். இத்தனை நாளா இதைத் தனியா வச்சுப் புழுங்கியிருக்கீங்களே, நான் என்ன செத்தா போயிட்டேன்?"

 அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அப்பாடா என்றும் இருந்தது.

குச்சியைச் செருகியதை மச்சினன் மெல்லச் சொன்னான். மூக்கு தலையில் அடித்துக்கொண்டு மறுபடி சாவியை எடுத்தார். மனைவி சைலன்சர் பக்கம் போய் நின்றாள்.

"இப்ப?"

"நாறுது."

"இப்ப?"

"கொஞ்சம் தேவலை."

"இப்ப?"

"ம். இது பரவாயில்ல. கண்ணு எரியல."

அந்த நேரம் பார்த்து இன்னொரு பழைய கார் வாசலில் வந்து நின்றது. நரைத்த தலைக்காரர் ஒருவர் எட்டிப்பார்த்தார். "பெட்ரோல் அளவு சரி பண்ணணும். மூக்கு இருக்காரா?"

மச்சினன் முந்திக்கொண்டு ஏதோ சொல்லப்போனான். மூக்கு அவனைக் கையமர்த்தினார். 

"நான்தாங்க. எனக்கு மோப்பம் போயிடுச்சு. இவங்க மோந்து சொல்வாங்க, நான் திருகுவேன். சம்மதம்னா வண்டியை விட்டுட்டுப் போங்க."

வந்தவர் அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"சரி. வண்டிச் சாவியை யார்கிட்ட குடுக்கட்டும்?"