ரேடியோ அண்ணனும் புகை அலாரமும்

என் அண்ணனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவர்கள் இரும்பு ஆலையில் அவரோடு வேலை பார்த்தவர்கள். வாயைத் திறந்தால் மூடமாட்டார், அடுத்தவர் பேச இடமே கொடுக்கமாட்டார். தகடு அடிக்கும் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர், இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார். நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஊரார் அழுக்கைத் துவைத்துத் துவைத்து இடுப்பு விட்டுப்போய்விட்டது. குழந்தையின் அப்பா எங்களைக் கைகழுவிவிட்டுப் போன பிறகு, ஒன்றரை வயது பாப்பாவை அண்ணன் பார்த்துக்கொள்வதால்தான் அந்த வேலைக்காவது போக முடிகிறது. அவர் இல்லையென்றால் என் பாடு அதோகதிதான்.

அன்று மதிய ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். புகை அலாரத்தைச் சோதிக்க வீட்டு ஓனர் ஓர் ஆளை அனுப்பியிருந்தார். நேரங்காலம் தெரியாமல் வந்து நிற்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது. பாப்பா உள்ளறையில் தூங்கினாள். அண்ணன் முக்காலியை இழுத்துப் போட்டு, வந்தவரிடம் விலைவாசி பற்றி அளக்க ஆரம்பித்துவிட்டார்.

"இந்தப் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கணும் சார். மாசம் ஒருதடவை நீங்களே செஞ்சு பாக்கலாம்," என்றபடி அந்த ஆள் முக்காலிமேல் ஏறி, கூரையில் இருந்த வெள்ளை வட்டப் பெட்டியை அழுத்தினார்.

அண்ணன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். "அப்பப்பா! காது கிழியுதுப்பா, நிறுத்து!"

சத்தமே வரவில்லை.

நான் சிரித்துவிட்டேன். நக்கல் பிடித்த மனுஷர், ஊமையாகிவிட்ட அலாரத்தைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அந்த ஆள் சிரிக்கவில்லை. பெட்டியைக் கழற்றிப் பார்த்தார்.

"பேட்டரி செத்துப்போச்சுக்கா. அதுக்கு முன்னாடி நாள்கணக்கா, விட்டு விட்டுக் கீச்சு கீச்சுன்னு கத்தியிருக்குமே. யாரும் கேக்கலையா?"

நான் கேட்டிருக்கிறேன். வேலை முடிந்து வந்து விழும்போது, மேல்வீட்டில் ஏதோ கத்துகிறது என்று புரண்டு படுத்திருக்கிறேன். பகலெல்லாம் அதற்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தவர் அண்ணன். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த ஆள் புது பேட்டரி போட்டு மறுபடி ஏறினார். அண்ணன் அதற்குள் எங்களுக்கு முதுகைக் காட்டி, பாப்பாவின் துணிகளை மடிக்க உட்கார்ந்துவிட்டார். அலாரம் வீறிட்டது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே பாப்பா அலறினாள். அண்ணன் ஒரு சின்னக் கவுனை நிதானமாக மடித்து வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தார்.

ஓடிப்போய் பாப்பாவைத் தூக்கினேன். இத்தனை நாள் இவள் கதறியபோதெல்லாம் என்ன நடந்தது? அண்ணன்மேல் கோபம் கோபமாக வந்தது. பாவமாகவும் இருந்தது. கத்தக்கூடத் தெம்பில்லை.

அந்த ஆள் அண்ணன் தோளைத் தொட்டிருக்க வேண்டும். கூடத்திலிருந்து அண்ணன் ரகசியம் பேசுவது கேட்டது. ரகசியம் என்று அவர்தான் நினைத்துக்கொண்டார், தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

"தம்பி, பாத்துட்டீங்கல்ல? என் தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா புள்ளைய என்கிட்ட விடமாட்டா. அவ வேலை போயிடும். நான் புள்ளைய விட்டுக் கண்ணை எடுக்கறதே இல்லப்பா, சத்தியமா."

அந்த ஆள் போகும்போது வாசலில் என்னிடம் தணிந்த குரலில், "காது கேக்காதவங்களுக்கு வெளிச்சம் மின்னுற அலாரம் இருக்குக்கா. வீட்டு ஓனர்கிட்ட கேட்டு வாங்குங்க," என்றார். தீப்பிடித்தால் அது மின்னும், சரி. பாப்பா அழுதால் எது மின்னும்?

அண்ணன் என் பையை எடுத்துக்கொண்டு வந்தார். "கெளம்பும்மா, பஸ் போயிடும்."

அவருக்கு நேரே போய் நின்றேன். "எனக்குக் கேட்டுச்சுண்ணே. நீங்க சொன்னது எல்லாமே கேட்டுச்சு."

அவருக்கு முகம் செத்துவிட்டது. பாப்பாவின் காலைத் தடவிக்கொடுத்தார்.

"இன்னிக்கு லீவு சொல்லிடறேன்," என்றேன்.

"நாளைக்கு?"

பையைப் பிடித்தபடி அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.