நான்கு மூலை மஞ்சள்

மஞ்சள்பொடியைச் சொட்டுத் தண்ணீரில் குழைத்து, வீட்டில் பிரிண்ட் எடுத்த அறிக்கையின் நான்கு மூலைகளிலும் வைப்பாள் மாலதி, கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல. பிறகு சுவாமி அலமாரியில் ஒரு நிமிஷம். அதன்பின்தான் அச்சகத்துக்கு மெயில் போகும். சுற்றுச்சூழலுக்கும் தொழிலாளருக்கும் என்ன செய்தோம் என்று அவள் வேலை பார்க்கும் ரசாயனக் கம்பெனி வருஷந்தோறும் போடுகிற, அவள் எழுதித் தரும் நிலைத்தன்மை அறிக்கைக்கு இத்தனை மரியாதை மும்பை மாட்டுங்காவில் இந்த ஒரு வீட்டில்தான்.

எதிர் ஃபிளாட்டில் இருக்கும் எனக்கு அவளைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். ரயிலில் மற்றக் கம்பெனிகளின் அறிக்கைகளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பாள். மரம் நடுகிற படங்களைச் சீண்டவே மாட்டாள். "படிக்கறவா போட்டோவையா பார்ப்பா? என்ன தப்பு நடந்தது, அதுக்கு என்ன பண்ணினான்னுதான் தேடுவா."

"யாரு படிக்கறா அதை?" என்பார் அவள் கணவர் வேங்கடசுப்ரமணியன்.

"யாரோ ஒருத்தர் படிக்கத்தான் படிப்பார். அதான் பயமா இருக்கு."

இந்த வருஷம் பயம் முற்றிவிட்டது. மழைக்காலத்தில் தொழிற்சாலைத் தொட்டியைக் கழுவ இறங்கிய ஒருவர் மூச்சுத் திணறி இறந்துபோனார். அறிக்கையின் அட்டவணையில் 'உயிரிழப்பு: 0' என்றே இருக்கிறது. நேற்று மேலதிகாரி ஷ்ரவண் போனில் பேசியபோது நானும் அங்கேதான் இருந்தேன். ஸ்பீக்கரில் கேட்டது: "மேடம், அவர் காண்ட்ராக்ட் ஆளு. நம்ம கணக்குல வரமாட்டார். சோடோ நா, விட்டுத்தள்ளுங்க, அனுப்பிடுங்க."

"சரி" என்று வைத்துவிட்டாள். என் பக்கம் திரும்பி, "வேலை போயிடுமோன்னு சரின்னுட்டேன், மாமி" என்றாள்.

இன்று காலை கறிவேப்பிலை கேட்கப் போனேன். மேஜையில் அறிக்கை. மஞ்சள் தோய்ந்த விரல் முதல் மூலைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது.

"செத்துப்போன சேதிக்கு மஞ்சள் வெக்கறதில்லையே, மாமி."

போன் அடித்தது. ஷ்ரவண். அவள் எடுக்கவில்லை. விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு லாப்டாப்பை இழுத்தாள். பூஜ்யத்தை அழித்தாள். ஒன்று என்று அடித்தாள். அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, போய்விட்டதா என்று மூன்று தரம் பார்த்தாள்.