மாப்பிள்ளையின் கார் சாவி

இன்று மத்தியானம் கோல் மார்க்கெட்டில் உறவினர் வீட்டு விருந்து. என் மாப்பிள்ளை பீர் குடித்துவிட்டு, மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு நொய்டாவுக்குக் கார் ஓட்டக் கிளம்பினார்.

இதுவரை அவர் பேச்சை நான் மறுத்ததில்லை. மேஜைமேல் இருந்த சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"மாமா, போலீஸ் பிடிச்சா அபராத சலான் கட்டிட்டாப் போச்சு."

"முதல் தடவையே ஆறு மாசம் வரைக்கும் உள்ளே போடலாம், மாப்பிள்ளை. இப்பத்தான் போன்ல சட்டத்தை ரெண்டு தரம் படிச்சுப் பார்த்தேன்."

"அச்சா! என்னைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுப்பீங்களோ?"

"குழந்தை பின்னாடி உட்கார்ந்திருந்தா, குடுப்பேன்."

மூவரும் மெட்ரோவில் போனார்கள். பேத்தி மட்டும் டாட்டா காட்டினாள்.

மாப்பிள்ளையிடம் இப்படிப் பேசலாமா என்று மனைவி இன்னும் கேட்கிறாள். எனக்கும் சந்தேகம்தான். நீங்களே சொல்லுங்கள்.

எதுவானாலும், சாவி நாளைக் காலையில்தான்.