கண்டி மலையில் ஒரு கண்மாய்

டூர் கூட்டிப் போகிற தொழிலில் மலை, ராஜா, அரண்மனை எல்லாம் அப்புறம்தான். போன தலையும் திரும்பின தலையும் ஒன்றாக இருக்க வேண்டும். பதினோரு வருடமாக ராமநாதபுரத்திலிருந்து கண்டிக்கு ஆள் கூட்டிப் போகிறேன், ஒருவரைக்கூடத் தொலைத்ததில்லை. கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்களை வேனில் ஏற்றி இறக்கிய யாருக்கும் என் பெருமை புரியும்.

வளைவுகள்

ஒரு தடவை தங்கச்சிமடத்து அந்தோணி வந்திருந்தார். இருபது வருடம் கடலில் கிடந்தவர், மலை ஏறின நாலாவது வளைவிலேயே பிளாஸ்டிக் பையைக் கேட்டுவிட்டார். நான் விடாமல் மைக்கில் வரலாறு சொன்னேன். கரையெல்லாம் பிடித்த போர்த்துக்கீசியப் பறங்கியர்களால் மலைமேல் இருந்த இந்தச் சின்னத் தலைநகரை மட்டும் பிடித்து வைத்திருக்க முடியவில்லை என்றேன். பைக்குள்ளிருந்து அந்தோணி தலையைத் தூக்கினார்.

"அவனுகளும் கடல்ல வந்தவனுகதானண்ணே, பாதி மலையிலயே படுத்திருப்பானுக."

மதுரைப் பெண்

கண்டி ராஜாக்கள் மதுரையிலிருந்து பெண் எடுத்தவர்கள். அரண்மனை வாசலில் இதைச் சொன்னால் நம் ஊர்க்காரர்கள் சம்பந்தி வீட்டுக்கு வந்தமாதிரி நிமிர்வார்கள். அதே டூரில் வந்த உத்தரகோசமங்கை முத்துலட்சுமியக்கா நிமிரவில்லை. அரண்மனையைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டார்.

"அந்தப் பிள்ளைகள ஒரு தடவையாச்சும் ஆத்தா வீட்டுக்கு அனுப்புனாகளா தம்பி?"

ஒரு தலை குறைகிறது

அந்த டூரின் கடைசி நாள். கண்டி ஏரிக்கரையில் பஸ் கிளம்பத் தயாராக நிற்கிறது, விமானத்தைப் பிடிக்க வேண்டும். எண்ணினால் ஒரு தலை குறைகிறது. முத்துலட்சுமியக்காவின் வீட்டுக்காரர், ஊரில் கண்மாய்த் தண்ணீரில் விவசாயம் பார்க்கிற கருப்பையா அய்யாவைக் காணோம். போன் பஸ் சீட்டில் கிடந்தது. என் பதினோரு வருடப் பெருமை போயே போச்சு. அக்கா மட்டும் அசையவில்லை. "தண்ணியக் கண்டா மடையப் பாக்காம வரமாட்டாக தம்பி. கரையோட போங்க" என்றார்.

ஓடினேன். எதிர்க்கரையில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மடை எங்கன இருக்கு? எத்தன ஏக்கர் பாயுது?" என்று என்னையே கேட்டார். கோபத்தை அடக்கிக்கொண்டு, "இது பாசனத்துக்கு இல்லய்யா. கடைசி ராஜா வயலில் தண்ணீரை மறித்து அழகுக்காகக் கட்டினது" என்றேன். அதோடு அவர் தேடலை விட்டுவிட்டு என்னோடு நடந்தார். பஸ் படியில் கால் வைத்தவர், ஏரியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"வெளஞ்ச வயல முக்கி ஏரி கட்டுனா, ராச்சியம் எப்புடித் தம்பி நிக்கும்?"

இப்போதெல்லாம் நம் ஜில்லாக்காரர்களை அந்த ஏரிக்கு அழைத்துப் போனால் நான் தலையை எண்ணுவதில்லை, நேரே தண்ணீர் வெளியேறுகிற மூலையில் போய் நின்றுகொள்கிறேன்.